லாப்ரடார் இனுயிட்களின் பழைய ஆராதனை: மீட்கப்படுவது யாருடைய மரபு?

2022 ஜூலையில் போப் பிரான்சிஸ் கனடாவின் வடகோடியில் உள்ள இக்காலுயிட் நகருக்குப் போய், திருச்சபை சம்பந்தப்பட்ட உறைவிடப் பள்ளிகளில் ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் பிள்ளைகள் பட்ட கொடுமைகளுக்காக மன்னிப்புக் கேட்டார். அதே கனடாவில், கிழக்கே லாப்ரடார் கடற்கரையில், இன்னொரு இனுயிட் சமூகம் வேறொரு வேலையில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மிஷனரிகள் கொண்டுவந்த ஆராதனை முறை, நான்கு குரல் பாடல்கள், பேண்டு வாத்தியம் ஆகியவற்றைத் தேடியெடுத்து, இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, மறுபடி நடைமுறைக்குக் கொண்டுவர முயல்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கிறவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்பு. வந்தேறிகள் திணித்த மதம் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம் அதே மதத்தின் பழைய வடிவத்தை எங்கள் மரபு என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. அது எப்படி என்று பார்க்கக் கொஞ்சம் அடியிலிருந்து வரவேண்டும்.

முதலில் சில அடிப்படைகள்

கனடா இனுயிட்கள் எல்லாரும் ஒரே சபையினர் அல்ல. இக்காலுயிட் இருக்கும் நுனாவுட் பகுதியில் ஆங்கிலிக்கர்களும் கத்தோலிக்கர்களும் அதிகம். நாம் பேசும் லாப்ரடார் வடகரையில் மொரேவியன் சபை. அந்தக் கரை இன்று நுனாட்சியாவுட் என்ற பெயரில் இனுயிட் சுயாட்சிப் பகுதி. நெயின், ஹோப்டேல், மக்கோவிக், போஸ்ட்வில், ரிகோலெட் என்று ஐந்தே ஊர்கள். ஊருக்கு ஊர் சாலை கிடையாது. கோடையில் கப்பல், குளிர்காலத்தில் பனிவண்டி, வானிலை அனுமதித்தால் சிறிய விமானம். ஊர்களில் பெரியதான நெயினிலேயே ஆயிரம் பேர் அளவில்தான் ஆள்கள்.

மிஷனரிகள் வைத்த ஊர்ப்பெயர்களில் பல நமக்குப் பழகியவை: தமிழ் வேதாகமத்தில் வரும் நாயீன் (நெயின்), எபிரோன் (ஹெப்ரான்), ராமா, சோவார் நான்கும் அந்தக் கரையில் இருந்தன. இந்த நான்கில் இன்று மக்கள் வாழ்வது நெயினில் மட்டும்.

மொரேவியன் ஆராதனை ‘வழிபாட்டு முறை சார்ந்தது’. அதாவது, போதகர் அன்றன்று மனத்தில் தோன்றியதைச் சொல்லி நடத்துவது அல்ல. ஆண்டு முழுவதுக்கும் நாள்காட்டி உண்டு. எந்த நாளில் எந்த வாசகம், எந்தப் பாட்டு, சபை எங்கே மறுமொழி சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்த ஒழுங்கு உண்டு. போதகரே இல்லாவிட்டாலும் ஒழுங்கு தெரிந்தவர்கள் நடத்திவிடலாம். பின்னால் வரப்போகும் கதைக்கு இது முக்கியம்.

பொஹீமியாவிலிருந்து லாப்ரடாருக்கு

மொரேவியன் சபை லூத்தருக்கும் முந்தியது. 1415-இல் எரித்துக் கொல்லப்பட்ட யான் ஹுஸ் என்ற செக் சீர்திருத்தவாதியின் வழிவந்தவர்கள் 1457-இல் பொஹீமியாவில் தொடங்கியது. கடும் ஒடுக்குமுறையில் ஏறக்குறைய அழிந்து, மிஞ்சியவர்கள் ஜெர்மனியின் சாக்சனிக்கு ஓடிவந்தார்கள். அங்கே சின்சென்டார்ஃப் என்ற பிரபு தன் நிலத்தில் இடம் கொடுக்க, ஹெர்ன்ஹூட் என்ற ஊர் உருவாயிற்று. 1727-இல் சபை அங்கே புத்துயிர் பெற்றது.

இங்கே நமக்கு ஒரு தொடர்பு உண்டு. சின்சென்டார்ஃப் சிறுவனாகப் படித்தது ஹாலே நகரில். சீகன்பால்க் வேலை செய்த தரங்கம்பாடி மிஷனுக்கு ஆதரவாக இருந்த அதே ஹாலே. தரங்கம்பாடியிலிருந்து வந்த செய்திகளைக் கேட்டு வளர்ந்த பையன், பெரியவனானதும் தன் ஆட்களை உலகின் மூலைமுடுக்கெல்லாம் அனுப்பினார். 1732-இல் கரீபியன், 1733-இல் கிரீன்லாந்து. 1760-இல் தரங்கம்பாடிக்கே மொரேவியர்கள் வந்து இறங்கினார்கள். அவர்கள் குறி நிக்கோபார் தீவுகள். அந்த முயற்சி நோயிலும் மரணத்திலும் கரைந்து போனது. லாப்ரடார் முயற்சி நிலைத்தது.

நிலைத்தது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டாலும், 1752-இல் போன முதல் குழுவில் தலைவர் உட்படச் சிலர் கொல்லப்பட்டார்கள். அடுத்து வந்த யென்ஸ் ஹாவன் வேறு வழி பிடித்தார்: முதலில் கிரீன்லாந்துக்குப் போய் அங்குள்ள இனுயிட் மொழியைக் கற்றுக்கொண்டார். கிரீன்லாந்துப் பேச்சும் லாப்ரடார் பேச்சும் நெருங்கியவை. 1764-இல் அவர் லாப்ரடார் இனுயிட்களைச் சந்தித்து அவர்கள் மொழியிலேயே பேசியபோது கதை மாறிவிட்டது. லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பிய மிக்காக் என்ற இனுயிட் பெண்ணும் மிஷனுக்கு உதவினார். 1769-இல் பிரிட்டிஷ் அரசு நிலம் கொடுத்தது; 1771-இல் நெயின், 1776-இல் ஓக்காக், 1782-இல் ஹோப்டேல், 1830 வாக்கில் ஹெப்ரான் என்று மிஷன் ஊர்கள் எழுந்தன.

மொழியைக் கற்ற பின்புதான் மதம் பேசினார்கள் என்பதில் ஒரு பெரிய விளைவு இருக்கிறது. வேதம், பாட்டு, பள்ளிக்கூடம் எல்லாமே இனுயிட்களின் மொழியான இனுக்டிடுட்டில், ரோமன் எழுத்தில் அமைந்தன. 19-ஆம் நூற்றாண்டில் லாப்ரடார் இனுயிட்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தாராளமாக இருந்தார்கள், அதுவும் சொந்த மொழியில்.

இந்த ஆராதனையில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஈஸ்டரை எடுத்துக்கொள்வோம். லாப்ரடாரில் ஈஸ்டர் என்றால் கடல் இன்னும் உறைந்து கிடக்கும் காலம். விடிவதற்கு வெகுநேரம் முன்பே பேண்டுக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். டிரம்பெட், டிராம்போன் போன்றவற்றில் கோரல் எனப்படும் பழைய ஜெர்மன் சபைப் பாட்டுகளின் மெட்டுகளை வாசித்து ஊரை எழுப்புவார்கள். அந்தக் குளிரில் ஊதுகிற மூச்சின் ஈரமே வால்வுக்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். வாசிப்பதோடு கருவியைச் சூடாக வைத்திருப்பதும் ஒரு வேலை. சபை கூடியதும் “கர்த்தர் உயிர்த்தெழுந்தார்” என்ற அறிவிப்பு, “மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்” என்ற மறுமொழி. பிறகு கல்லறைத் தோட்டத்துக்கு நடை. 1732-இல் ஹெர்ன்ஹூட் இளைஞர்கள் சிலர் விடியற்காலையில் கல்லறை மேட்டில் கூடிப் பாடியதில் தொடங்கிய வழக்கம் இது. உலகில் மொரேவியர்கள் இருக்கும் இடமெல்லாம் உண்டு.

அந்த ஒழுங்கில் ஒரு வேண்டுதல் வரும்: போன ஈஸ்டருக்குப் பின் நம்மை விட்டுப் போன சகோதர சகோதரிகளோடு எங்களை நித்திய ஐக்கியத்தில் காத்தருளும் என்று. சின்ன ஊரில் அந்த வரி பொதுப்படையான வேண்டுதலாக இருக்க முடியாது. அந்த ஆண்டு போனவர் யார் யார் என்று கூடியிருக்கும் எல்லாருக்கும் தெரியும். புதுக் கல்லறை அவர்கள் காலடியில் இருக்கும்.

மற்ற கூறுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். அன்பின் விருந்து என்பது ஆதித் திருச்சபையின் அகாப்பே விருந்தை 1727-இல் ஹெர்ன்ஹூட்டில் மறுபடி தொடங்கியது. ஆலயத்துக்குள்ளேயே தேநீரும் ரொட்டியும் பகிர்ந்து, நடுநடுவே பாடுவது. ஆக, இந்த மரபே தன் பிறப்பில் ஒரு மீட்பு முயற்சிதான். அப்புறம் இளைஞர், இளம்பெண்கள், மணமானவர்கள், கைம்பெண்கள் என்று ஒவ்வொரு பிரிவினருக்கும் தனித்தனித் திருநாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலையில் பிள்ளைகளுக்கு மெழுகுவர்த்தி செருகிய ஆப்பிள். ஆப்பிள் கிடைக்காத காலத்தில் மிஷன் தோட்டத்தில் விளைந்த டர்னிப் கிழங்கு. மெழுகுவர்த்தி எரிந்து முடிந்ததும் கிழங்கு வயிற்றுக்குள் போய்விடும். இறைவருகைக் காலத்தில் கிறிஸ்டியன் கிரேகோர் இசையமைத்த ‘ஓசன்னா’வை இரு தரப்பாகப் பிரிந்து மாறிமாறிப் பாடுவார்கள்.

யார் நடத்தினார்கள்?

குழப்பத்தின் முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது.

மிஷனரிகள் எப்போதும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. ஆர்கன் வாசித்தவர்கள், வயலின் வாசித்தவர்கள், பேண்டு நடத்தியவர்கள், பாடகர் குழுவைப் பயிற்றியவர்கள் எல்லாரும் இனுயிட்கள். ‘கிவ்கட்’ எனப்பட்ட ஆலய ஊழியர்களும் மூப்பர்களும் சபையின் அன்றாட வேலையைச் செய்தார்கள். ஹெய்டன், கிரேகோர் போன்ற ஐரோப்பிய இசையமைப்பாளர்களின் இசைக்கு இனுக்டிடுட் சொற்களைப் பொருத்திக் கையால் நகலெடுத்தார்கள். ஒரு பிரதி நைந்தால் அடுத்த தலைமுறை புதிதாக எழுதியது. எழுதும்போதே மாற்றவும் செய்தது: ஊரில் எத்தனை வயலின் இருக்கிறதோ அதற்கேற்ப வாத்தியப் பகுதி சுருங்கும், இல்லாத குரலின் பகுதியை இருக்கும் குரல் எடுத்துக்கொள்ளும். பாடும் பாணியும் மாறியது. வேகம் தணிந்து, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் அழகு வந்தது. ஜெர்மனியில் அந்தப் பாட்டுகளில் பல மறந்தே போயின. லாப்ரடாரில் ஞாயிறுதோறும் ஒலித்தன.

தமிழ் லூத்தரன் சபையில் ஞானப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புரிந்துகொள்ளச் சுலபம். மெட்டு ஜெர்மனியிலிருந்து வந்தது என்பதற்காக, பாட்டி பாடியதை யாரும் அந்நியப் பாட்டு என்று ஒதுக்குவதில்லை.

ஆபிரகாம் உல்ரிகாப் என்ற ஹெப்ரான் ஊர்க்காரரின் கதை இதை இன்னும் தெளிவாகக் காட்டும். வயலின் வாசிப்பவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர், பக்தியுள்ள கிறிஸ்தவர். 1880-இல் மனைவி பிள்ளைகளோடு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்டார். மிருகக்காட்சி சாலைகளில் ‘காட்டு மனிதர்’ காட்சிக்காக. எட்டு இனுயிட்கள் போனார்கள். அம்மை குத்தாமல் விட்டதால் 1881 ஜனவரிக்குள் எட்டுப் பேரும் பெரியம்மையில் இறந்துபோனார்கள். அவர் இனுக்டிடுட்டில் எழுதிய நாட்குறிப்பின் மொழிபெயர்ப்பு எஞ்சியிருக்கிறது. பெர்லினில் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைவிட அவருக்குக் கோரல் இசை நன்றாகத் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

கணக்கின் மறுபக்கம்

இதையெல்லாம் சொல்லிவிட்டு மற்றதை மறைத்தால் நியாயமில்லை. உல்ரிகாப் ஏன் போனார்? மிஷனரிகள் போகாதே என்றுதான் சொன்னார்கள். ஆனால் அவர் அடைக்க நினைத்த கடன் மிஷன் கடையில் இருந்தது. சபையே வியாபாரமும் நடத்தியது. சீல் எண்ணெயும் தோலும் வாங்கி, ஐரோப்பியப் பொருள் விற்றது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் ‘ஹார்மனி’ கப்பலே மிஷனுக்கும் கடைக்கும் பொது. 1926-இல் அந்த வியாபாரம் ஹட்சன் பே கம்பெனிக்குக் கைமாறும் வரை, பிரசங்கம் செய்கிறவரிடமே கடன்பட்டிருக்கும் நிலை நீடித்தது.

இனுயிட்களின் முரசும் முரசுப் பாட்டும் ஆவிகளோடு பேசும் அங்காக்குக் பூசாரியின் வேலையோடு பிணைந்தவை என்று மிஷனரிகள் கருதி ஒடுக்கினார்கள். ஓர் இசை உள்ளே வந்தபோது இன்னோர் இசை வெளியே தள்ளப்பட்டது.

எப்படித் தேய்ந்தது?

1. 1918-இன் கொள்ளைநோய். அந்த ஆண்டு வந்த ஹார்மனி கப்பலே ஸ்பானிஷ் காய்ச்சலையும் கொண்டுவந்தது. ஓக்காக்கில் 263 பேரில் 204 பேர் இறந்தார்கள். வயதுவந்த ஆண்களே மிஞ்சவில்லை. ஊரையே கைவிட வேண்டியதாயிற்று. ஹெப்ரானிலும் பேரிழப்பு. பேண்டும் ஆர்கனும் ஏட்டைப் பார்த்து வருபவை அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து பழகி வருபவை. கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் ஒரே குளிர்காலத்தில் போய்விட்டார்கள்.

2. பள்ளிக்கூட மொழி மாற்றம். 1949-இல் நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு சேர்ந்தது. அதற்குப் பின் இனுக்டிடுட்டில் நடந்த பள்ளிகள் ஆங்கிலத்துக்கு மாறின. நெயினிலும் மக்கோவிக்கிலும் மொரேவியன் உறைவிடப் பள்ளிகளும் இருந்தன. உறைவிடப் பள்ளிகளுக்காக 2008-இல் கனடா அரசு கேட்ட பொது மன்னிப்பில் லாப்ரடாரை விட்டுவிட்டார்கள். 2017 நவம்பரில்தான் பிரதமர் ட்ரூடோ அங்கே போய் மன்னிப்புக் கேட்டார்.

3. ஊர் கலைப்பு. 1956-இல் நுட்டாக், 1959-இல் ஹெப்ரான். அரசும் மருத்துவ மிஷனும் சபையும் சேர்ந்து எடுத்த முடிவு. ஹெப்ரான் மக்களிடம் அதை அறிவித்த இடம் ஆலயம், காலம் ஈஸ்டரை ஒட்டி. ஆலயத்துக்குள் எதிர்த்துப் பேசும் வழக்கம் இனுயிட்களுக்கு இல்லை என்பது அறிவித்தவர்களுக்குத் தெரியும். பெயர்பெற்ற பாடகர் குழுவும் பேண்டும் இருந்த ஊர், வேட்டை நிலம் தெரியாத தெற்கு ஊர்களில் துண்டுதுண்டாகக் குடியேறியது. 2005-இல் மாகாண அரசு மன்னிப்புக் கேட்டது. இந்த வரலாற்றில் எனக்கு மன்னிக்கக் கடினமாகத் தோன்றுவது இதுதான்: சபையின் மீது மக்கள் வைத்த மரியாதையே அவர்களுக்கு எதிராகப் பயன்பட்டது.

4. மற்றவை. பெந்தெகொஸ்தே சபைகள், தொலைக்காட்சி, படிப்புக்கும் வேலைக்கும் ஊரை விட்டுப் போகும் இளையவர்கள், நிரந்தரப் போதகர் கிடைக்காமை. இவை எங்கும் உள்ளவைதான்.

மீட்பு என்ற பெயரில் நடப்பது என்ன?

1. ஏடுகளைக் காப்பது. ஆலயங்களில் கிடந்த கையெழுத்துப் பிரதிகளை மெமோரியல் பல்கலைக்கழகத்தின் இசைப் பேராசிரியராக இருந்த டாம் கோர்டன் பல ஆண்டுகள் ஊர்ப் பாடகர்களோடு உட்கார்ந்து ஒழுங்குபடுத்தினார். பல பிரதிகள் மின்வடிவில் ஏறியிருக்கின்றன. குரல் குரலாகத் தனித்தனித் தாள்களில் பிரிந்து கிடப்பதைச் சேர்த்தால்தான் முழுப் பாட்டு கிடைக்கும்.

2. பேண்டைத் திரும்பத் தொடங்குவது. ஏடு இருந்தால் மட்டும் போதாது. 2010-களில் நுனாட்சியாவுட் ஊர்களில் பித்தளை வாத்தியப் பயிற்சிகள் நடந்து, பழைய வாத்தியக்காரர்களோடு பிள்ளைகளும் சேர்ந்தார்கள். ஒரு நல்ல பேண்டுக்குச் சில ஆட்கள் போதும் என்பது இங்கே ஆறுதல்; அந்தச் சிலர் ஊரிலேயே தங்க வேண்டும் என்பது கவலை.

3. மேடைக்குக் கொண்டுபோவது. கனடாவின் முதல் இனுயிட் தொழில்முறை செவ்வியல் பாடகர் என்று அறியப்படும் டியாந்தா எட்மண்ட்ஸ், நெயினைச் சேர்ந்த கேரி ஓபெத் போன்றோர் இந்தப் பாடல்களைப் பதிவு செய்து வெளியுலகுக்குக் கொண்டுபோனார்கள். லாப்ரடார் இனுயிட்களுக்கு இப்படி ஓர் இசை மரபு இருப்பதே கனடாவில் பலருக்கு அதன்பின்தான் தெரிந்தது.

4. முரசையும் கூடவே மீட்பது. ஒருகாலத்தில் தடுக்கப்பட்ட முரசாட்டத்தை நெயின் இளைஞர்கள் மறுபடி ஆடுகிறார்கள். இதில் சிலருக்குச் சங்கடம், பலருக்குப் பெருமை.

விளைவுகள்: எங்கே இடிக்கிறது?

பத்திரிகைகள் பெரும்பாலும் இசையைப் பார்த்து வியந்துவிட்டு நின்றுவிடுகின்றன. பனிக்கட்டி நடுவே ஹெய்டன் என்றால் யாருக்குத்தான் வியப்பு வராது! ஆனால் ஊர்க்காரர்களுக்கு இதில் பெரிய பங்கு மொழியுடையது. பள்ளியும் அரசு அலுவலகமும் ஆங்கிலத்துக்குப் போன பிறகு, இனுக்டிடுட்டைப் பொது இடத்தில் எழுத்து வடிவில் வாசிக்கவும் கூட்டமாகச் சொல்லவும் எஞ்சிய முக்கியமான இடம் ஆலயம். பேச்சில் தடுமாறுகிறவர்களும் பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் பாடிவிடுகிறார்கள். சபையின் பழைய ஒழுங்கு விழுந்தால் அந்த இடமும் விழும்.

அதனால் மீட்பின் வெற்றியை அளக்க எத்தனை பிள்ளைகள் டிரம்பெட் வாசிக்கிறார்கள் என்று எண்ணுவது போதாது. டிரம்பெட்டுக்கு மொழி தேவையில்லை. பேண்டு நன்றாக எழுந்து, ஆராதனை ஆங்கிலத்தில் நடந்தால், மீண்டது பாதி. தலைகீழாகவும் நடக்கலாம்: கச்சேரி மேடையில் இனுக்டிடுட் அழகாக ஒலிக்கும், ஆலயத்தில் ஈஸ்டர் விடியலுக்கு வாசகம் படிக்க ஆள் இருக்காது. மேடைப் பாடகருக்குச் சொற்களின் உச்சரிப்பு போதும். ஆராதனையை நடத்துபவருக்கு அந்த மொழியில் ஜெபிக்கவும் துக்க வீட்டில் பேசவும் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது வகை ஆள்கள் பெரும்பாலும் முதியவர்கள்.

சபைக்கு வராத இளையவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்டு. அவர்களில் சிலருக்கு இந்த இசை தாத்தாவின் சொத்து, விசுவாசம் அல்ல. சபை மூப்பர்களுக்கோ இது முதலில் ஆராதனை, அப்புறம்தான் கலாசாரம். அரசு நிதியும் பல்கலைக்கழக ஆதரவும் கலாசாரம் என்ற பெயருக்குத்தான் எளிதில் கிடைக்கும்; ஜெபத்துக்கு மானியம் கிடையாது. எனவே பயிற்சி முகாம்கள் பள்ளியிலும் பொதுக்கூடத்திலும் வளர, ஞாயிறு ஆராதனையின் பொறுப்பு போதகர் இல்லாத ஊர்களில் ஊர் ஊழியர்கள் சிலரின் தோளிலேயே கிடக்கிறது. 1771-இல் தொடங்கிய நெயின் மிஷன் 250 ஆண்டைத் தாண்டிவிட்டது. இனி மொழி தெரிந்த இளையவர்களிலிருந்து வாசகர்களையும் ஆலய ஊழியர்களையும் உருவாக்க யார் செலவழிப்பார்கள் என்ற கேள்விக்கு நுனாட்சியாவுட் அரசும் சபையும் சேர்ந்துதான் விடை தேட வேண்டியிருக்கும்.